பாரம் இறக்கிய பாலங்கள்

நியூயார்க் மாநிலத்தின் தென் எல்லையை ஒட்டி வெல்ஸ்பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பென்ட்லி ஓடையைக் கடக்க 1940-ல் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். இருபுறமும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள் கோத்த, சுமார் 43 மீட்டர் நீள டிரஸ் பாலம். அதற்கு அறுபது வயது நெருங்கியபோது, 14 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் ஏறக் கூடாது என்று தடை போட வேண்டிய நிலை வந்துவிட்டது. பாரம் ஏற்றிய டிப்பர் லாரி எதுவும் அந்தக் கணக்குக்குள் அடங்காது.

சட்டங்களில் துரு இருந்தது உண்மைதான். ஆனால் பாலத்தை அழுத்திக்கொண்டிருந்த பெரிய பாரம் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. வண்டிகள் ஓடும் தளமான கான்கிரீட் டெக், அதன்மேல் பழுதுபார்க்கும்போதெல்லாம் போட்டுப் போட்டுத் தடித்துப்போன தார், எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டியது. 1999-ல் மாநிலப் போக்குவரத்துத் துறை அந்தக் கான்கிரீட்டை முழுவதும் பெயர்த்து எடுத்தது. டெலவேர் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்த பலகைகளை அந்த இடத்தில் பதித்தது. புதிய டெக்கின் எடை சதுர மீட்டருக்கு 156 கிலோ அளவுதான். பாலத்தின் முதுகிலிருந்து 200 டன்னுக்கு மேல் இறங்கிவிட்டது. 14 டன் தடையும் நீங்கியது. தாங்கி நின்றது அதே 1940-ம் வருடத்து டிரஸ்தான்.

இழை டெக் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக 'துருப்பிடிக்காது' என்றே ஆரம்பிக்கிறார்கள். அது சரிதான். ஆனால் கால் நூற்றாண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பொருளின் முதல் பலம் எடைதான் என்று தோன்றுகிறது. எடை குறைந்தே ஆக வேண்டிய பாலத்தில் அது பிழைக்கிறது. புதுமை என்பதற்காக மட்டும் போட்ட இடங்களில் பணம் போயிருக்கிறது, பேரும் கெட்டிருக்கிறது. வித்தியாசத்தை உண்டாக்கும் இன்னொன்றும் உண்டு. பலகை எப்படித் தயாரானது, எப்படி இணைக்கப்பட்டது என்பதுதான் அது.

படகு செய்யும் அதே சரக்கு

நம் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து பழவேற்காடு வரை கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகள் எல்லாம் இதே சரக்கில் செய்தவை. அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் அடித்து, மேட் விரித்து, ரெசின் ஊற்றி ரோலரால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றும் வேலையைப் படகுப் பட்டறைகளில் பார்க்கலாம்.

பாலத்துக்குச் செய்யும்போது அடிப்படை மாறுவதில்லை. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைத் துணியாகவோ கயிறுபோலவோ சேர்க்கிறார்கள். இழுவிசையைத் தாங்குவது இழை. இழைகளைத் தத்தம் இடத்தில் பிடித்துவைத்து, பாரத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தி, ஈரமும் ரசாயனமும் அண்டாமல் காப்பது ரெசின். பாலங்களுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசின். விலை கூடினாலும் நீரையும் உப்பையும் அதிகம் தாங்குவது வினைல் எஸ்டர்.

இரும்பு எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இழைப் பலகை அப்படியல்ல. இழை ஓடும் திசையில் பலம் அதிகம், குறுக்கே வெகு குறைவு. எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்பதை வடிவமைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். பலம், குறை இரண்டுக்கும் இதுவே ஊற்று.

இன்னொரு கணக்கும் உண்டு. இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல். அச்சு வழியே இழுத்து வார்த்த கண்ணாடி இழைச் சட்டத்தின் விறைப்பு இழைத் திசையில் 20, 25 என்ற அளவில் நிற்கிறது. அதாவது இந்தப் பலகை உடைவதற்கு வெகுமுன்பே தாழ்ந்து கொடுக்கும். அதனால் பொறியாளர் 'உடையுமா' என்பதைவிட 'எவ்வளவு வளையும்' என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். அடியில் தாங்கும் கர்டர் விட்டங்களின் இடைவெளியில் 800-ல் ஒரு பங்குக்கு மேல் தாழக் கூடாது என்பது அமெரிக்காவில் பரவலாகக் கடைப்பிடித்த வரம்பு. அந்த வரம்புக்குள் நிறுத்தினால், உடைவதற்குத் தேவையான பாரம் வண்டி பாரத்தைப்போலப் பல மடங்கு தள்ளிப் போய்விடும். ஆகவே எந்த டெக்கும் லாரி ஏறி முறிந்து விழுந்துவிடுமோ என்ற பயம் இந்தத் தொழிலில் பெரிதாக இருந்ததில்லை. வம்பு வந்ததெல்லாம் வேறு பக்கத்திலிருந்து.

பலகை பிறக்கும் விதம்

பலகை செய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கையால் அடுக்கி ஒட்டுவது. சீனாவில் 1982-லேயே பெய்ஜிங் அருகே மியூன் என்ற இடத்தில் 20 மீட்டர் அளவில் வண்டி போகும் இழைப் பாலம் ஒன்றைக் கையாலேயே அடுக்கிக் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் பொதுச்சாலையில் முழுக்க இழையாலான பாலம் வந்தது 1996-ல். கான்சாஸ் மாநிலம் ரஸ்ஸல் ஊருக்குப் பக்கத்தில், நோ நேம் கிரீக் என்ற ஓடைமேல், ஏழு மீட்டர் அளவிலான சின்னப் பாலம். அதன் பலகை தேன்கூட்டு வகை. அட்டைப்பெட்டியின் நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் இருக்குமே, அப்படி நெளிந்த இழைத் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டி, மேலும் கீழும் கெட்டியான தோல் வைத்து மூடியது. பெரிய இயந்திரம் தேவையில்லை. எந்த அளவுக்கும் செய்யலாம். ஆனால் தோலும் நெளியும் சேரும் ஒட்டுதான் உயிர்நாடி. அது கையின் நிதானத்தைப் பொறுத்தது.

இரண்டாவது வழி புல்ட்ரூஷன். சொல்லப்போனால் இழுத்து வார்ப்பது. ஒரு கோடியில் இரும்பு அடுக்குகளில் நூற்றுக்கணக்கான உருளைகள், அவற்றிலிருந்து இழைக் கயிறுகள் புறப்படுகின்றன. குறுக்குப் பலத்துக்காகத் துணிப்பட்டைகளும் அவற்றோடு சேர்கின்றன. எல்லாம் ரெசின் தொட்டியில் முங்கி, வழிகாட்டித் தட்டுகளின் ஓட்டைகளில் நுழைந்து, தேவையான வடிவத்துக்கு நெருங்கி வருகின்றன. பிறகு ஒரு மீட்டர் அளவுள்ள எஃகு அச்சு. உள்ளே நூறு டிகிரிக்கு மேல் சூடு. ஈரமாக உள்ளே போனது, இறுகிய குழாயாக மறுமுனையில் வருகிறது. இதில் எதையும் தள்ளுவதில்லை. அந்தப் பக்கம் இரண்டு பிடிகள் மாறி மாறிக் கவ்வி, இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நடுவில் இழுவை நின்றால் ரெசின் அச்சுக்குள்ளேயே இறுகிவிடும். அப்புறம் அச்சைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதனால் ரம்பமும் ஓடும் சட்டத்தோடு கூடவே நகர்ந்தபடி அறுக்கிறது.

இப்படி வந்த குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசையால் சேர்த்தால் டெக் பலகை. மேற்கு வர்ஜீனியாவில் 1997-ல் லாரல் லிக், விக்வயர் ரன் என்ற இரு சிறு பாலங்கள் இந்த வகையில் வந்தன. ஒரே சீரான தரம் இதன் பலம். வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் அச்சையே புதிதாகச் செய்ய வேண்டும், அது செலவு.

மூன்றாவது வழி, வெற்றிடத்தால் ரெசினை இழுப்பது. வெல்ஸ்பர்க் பலகைகள் பிறந்தது இப்படித்தான். இந்த முறையின் புகழ்பெற்ற ஒரு வடிவத்துக்கு 1990-ல் பில் ஸீமன் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கப்பல் உடல்கள் செய்யும் இடத்திலிருந்து பாலத்துக்கு வந்த முறை. காற்றாலை இறக்கைகள் செய்யும் முறையும் இந்தக் குடும்பம்தான்.

இதை அருகே நின்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. மெழுகிட்ட மேசைமேல் உலர்ந்த கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். துணி சுற்றிய நுரைக் கட்டைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். நுரைக்குப் பெரிய வேலை கிடையாது, வடிவத்தைப் பிடித்துக்கொள்வதுதான். பாரத்தைத் தாங்கப்போவது கட்டைகளுக்கு இடையே நிற்கும் துணிச் சுவர்கள். மேலே மறுபடியும் துணி, அதற்கு மேல் உரித்தெடுக்கும் படலம், ரெசின் ஓட வலை, கடைசியில் பிளாஸ்டிக் பை. ஓரமெல்லாம் பிசுபிசுப்பான டேப்பால் அடைக்கிறார்கள். பம்பை ஓட விட்டதும் பை சுருங்கித் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு ரெசினைத் திறந்துவிட மாட்டார்கள். பம்பை நிறுத்திவிட்டு, மீட்டரில் முள் இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. ஓரம் முழுக்கக் காதை வைத்து அந்தச் சன்னமான 'ஸ்ஸ்' ஓசையைத் தேடிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

பிறகுதான் ரெசின். ரெசினை இறுகவைக்கும் கெட்டலிஸ்ட் கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. குழாய் வழியே ரெசின் உள்ளே போக, வெள்ளை வெளேரென்று இருந்த துணி ஈரம் பட்ட இடமெல்லாம் நிறம் மாறி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கிறது. அந்த ஈரக்கோடு மேசை முழுக்க நகர்ந்து போவதை எல்லோரும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்காவது வெள்ளைத் திட்டு மிஞ்சினால் அங்கே இழை காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். ரெசின் இறுகிய பிறகு அதை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. இறுகும்போது ரெசின் தானாகவே சூடாகும். ஒரே இடத்தில் கனமாக நின்றால் சூடு எல்லை மீறி உள்ளுக்குள் விரிசல் விடும். கோடையில் கெட்டலிஸ்ட் அளவைக் குறைப்பதும் குளிரில் கூட்டுவதும் அனுபவசாலியின் கைக்கணக்கு.

முடிந்த பலகையைச் சோதிக்கும் முதல் கருவி ஒரு சிறு சுத்தியல், சில சமயம் வெறும் நாணயம். தட்டிக்கொண்டே போனால் ஒட்டிய இடத்தில் கணீரென்று கேட்கும். தோல் விட்டுப்போன இடத்தில் மந்தமாக, பொத்தென்று கேட்கும். வெப்பப் படக் கேமராவும் இருக்கிறது. ஆனாலும் பாலத்துக்குப் போகிற எந்த ஆய்வாளரும் சுத்தியலை விட்டுவிட்டுப் போவதில்லை.

டேட்டன் தந்த பாடம்

பனிப்போர் முடிந்து ராணுவ ஆர்டர்கள் குறைந்ததும், அமெரிக்காவின் காம்போசிட் நிறுவனங்கள் சாலைப் பக்கம் திரும்பின. அங்கே உப்பால் அரித்துப்போன ஆயிரக்கணக்கான பாலங்கள் காத்திருந்தன. 1998-ல் மத்திய அரசு புதுமைப் பாலங்களுக்கென்று தனி நிதித் திட்டம் தொடங்கியது. கான்கிரீட் டெக்கைவிட இழை டெக் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அந்தக் கூடுதல் செலவைத் தாங்க மாநிலங்களுக்கு இந்த நிதி உதவியது. எல்லோருக்கும் அவசரம். முறையான வடிவமைப்பு விதிகள் வருவதற்கு முன்பே டெக்குகள் சாலைக்கு வந்துவிட்டன.

ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கிரேட் மயாமி ஆற்றின்மேல் இருக்கிற சேலம் அவென்யூ பாலம் அப்போது பெரிய சோதனைக்களம். 1999-ல் ஒரே பாலத்தில் நான்கு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் டெக்குகளைப் பகுதி பகுதியாகப் போட்டார்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். கொஞ்ச நாளிலேயே குறைகள் தெரிய ஆரம்பித்தன. சில இடங்களில் தோல் விட்டுப்போயிருந்தது. கர்டருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மூடாமல் விட்ட முனைகள் வழியாக மழைநீர் பலகையின் உள்ளறைகளுக்குப் போய்த் தேங்கியது. சக்கரத் தேய்மானத்தைத் தாங்க மேலே போட்ட வெயரிங் கோட் விரிசல் விட்டது. நிபுணர் குழு வந்து ஆராய்ந்தது. சில பகுதிகளைப் பிறகு எடுத்துவிட்டு மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் குறைகளில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் வெயிலுக்கும் பொருந்தும். கான்கிரீட் டெக்கில் மேலே விழும் சூடு மெல்ல மெல்லக் கீழேயும் பரவிவிடும். இழைப் பலகையின் நடுவில் இருப்பது காற்றும் நுரையும். சூடு கீழே இறங்குவதில்லை. மத்தியான வெயிலில் மேல்தோல் கொதிக்கிறது, கீழ்த்தோல் நிழலில் குளிர்ந்திருக்கிறது. மேலே விரிவு அதிகம், கீழே குறைவு. பலகை நடுவில் எழும்பி வளையப் பார்க்கிறது, ராத்திரியில் மறுபடி படுக்கிறது. ஒவ்வொரு நாளும் இது நடக்கும். கர்டரோடு பிடித்துவைத்த ஸ்டட் ஆணிகளையும் காரைப்பூச்சையும் அந்த அசைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. வண்டி ஏறும்போது பலகை 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தால் வெயரிங் கோட்டுக்கும் ஆயுள் முடிந்தது.

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் நடந்தது இன்னும் கசப்பானது. மாரிசன் பாலம் 1958-ல் கட்டியது, கப்பலுக்காகத் திறந்து மூடுகிற பாலம். திறக்கும் பகுதியில் போட்டிருந்த இரும்புக் கம்பிவலைத் தளம் மழையில் வழுக்கியது. 2011, 2012 வாக்கில் அதை எடுத்துவிட்டு இழை டெக் போட்டார்கள். சீக்கிரமே பலகைகள் தளர்ந்து பெயர ஆரம்பித்தன. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பு பாலத்துக்குச் சொந்தமான கவுன்ட்டியின் பக்கம் வந்தது. 2017-ல் மறுபடி இரும்புத் தளமே வந்துவிட்டது. எடை குறைய வேண்டிய இடத்தில்தான் அது போடப்பட்டது. தேர்வு சரி, பிடிமானம் தோற்றது. டெக் வாங்குகிற எந்தத் துறையும் படித்தாக வேண்டிய வழக்கு இது.

சிறப்பு நிதி வற்றியதும், பல தயாரிப்பாளர்கள் இந்தத் தொழிலிலிருந்தே விலகிவிட்டார்கள். பலகையைவிட அதைச் செய்த நிறுவனத்தின் ஆயுள் குறைவு என்பது பாலத் துறைக்குப் பெரிய தலைவலி. பழுது வந்தால் யாரைக் கேட்பது?

நெதர்லாந்து பிடித்த வழி

இந்தத் தொழில் இன்று நிலையாக வேரூன்றியிருக்கும் இடம் நெதர்லாந்து. வாய்க்காலும் கால்வாயும் பின்னிக் கிடக்கும் நாடு, மண்ணோ சேறு. பாலத்தின் எடை குறைந்தால் அடியில் அடிக்கும் பைல்களின் செலவு குறையும். அங்கே எடைக்கு நேரடியாகப் பண மதிப்பு உண்டு. அதனாலேயே இழைப் பாலத்துக்குப் புதுமை நிதி தேவைப்படவில்லை.

ராட்டர்டாம் நகரின் ஃபைபர்கோர் நிறுவனம், தோல் விட்டுப்போகும் பழைய வியாதிக்கு வடிவமைப்பிலேயே மருந்து தேடியது. முந்தைய பலகைகளில் தோல் தனி, உள்சுவர் தனி. இரண்டும் சேரும் இடத்தில் ரெசின் மட்டுமே பிடிப்பு. கனமான எதுவும் மேலே விழுந்து அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டால், லாரிகளின் ஓயாத போக்குவரத்தில் விரிசல் நீண்டுகொண்டே போகும். ஃபைபர்கோர் பலகையில் ஒரே துணி மேல்தோலில் ஓடி, நுரைக் கட்டையின் ஓரத்தில் மடங்கிச் சுவராக இறங்கி, அடியில் மறுபடி மடங்கிக் கீழ்த்தோலாகத் தொடர்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு வெற்றிடத்தில் ரெசின் ஊட்டுகிறார்கள். விரிசல் ஓட வேண்டுமென்றால் இழையையே அறுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வகைப் பாலங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவை நடைபாதை, சைக்கிள் பாலங்கள், கொஞ்சம் லாரி போகும் பாலங்களும் உண்டு.

வடிவமைப்பு விதிகளும் கூடவே வளர்ந்தன. நெதர்லாந்து 2003-ல் சொந்த வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஐரோப்பாவுக்குப் பொதுவான தொழில்நுட்ப விதி 2022-ல் வந்தது. அமெரிக்கா 1990-களில் தவறவிட்ட வரிசை இது என்பது என் எண்ணம். முதலில் விதி, பிறகு கொள்முதல் என்றிருந்தால் டேட்டனில் பாதித் தொல்லை தவிர்ந்திருக்கும்.

எடைக் குறைவு இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ரயில் பாதைக்கு மேல் 1997-ல் 40 மீட்டர் நடைபாலம் ஒன்றை நிறுத்தினார்கள். மொத்த எடை 12 டன் அளவு. ரயில் இல்லாத இரவு நேரங்களில் கிரேன் வைத்து, மொத்தம் 18 மணி நேர வேலையில் முடித்துவிட்டார்கள். ரயிலை நாள்கணக்கில் நிறுத்துவதன் செலவைக் கணக்கில் சேர்த்தால் இழையின் விலை பெரிதாகத் தெரியாது.

நம் பக்கம்

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் உப்புக்காற்றைத் தாங்க துருப்பிடிக்காத எஃகு, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் ஆகியவற்றோடு இழைப் பிளாஸ்டிக்கும் பயன்பட்டிருப்பதாக அரசுக் குறிப்பு சொல்கிறது. 1914-ம் வருடத்துப் பழைய பாலம் கடலோடு நடத்திய நூறாண்டுப் போராட்டத்தைப் பார்த்த ஊருக்குத் துருப்பிடிக்காத பொருளின் அருமை தெரியும். கான்கிரீட்டுக்குள் இரும்புக்குப் பதிலாகப் போடும் கண்ணாடி இழைக் கம்பிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் தரக்குறியீடு வெளியிட்டது. ஆனால் கம்பி வேறு, பலகை டெக் வேறு. கம்பியை நம்பி டெக்கை வாங்கிவிட முடியாது.

ஒரு நாள் நெடுஞ்சாலைத் துறை டெக் பலகைக்கு டெண்டர் விட்டால், விலைப்புள்ளிக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பலகையின் முனைகளை எதைக் கொண்டு அடைத்திருக்கிறார்கள்? நம் மே மாத வெயிலில் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் வரும், அந்த அசைவோடு கர்டர் இணைப்பை லட்சக்கணக்கான சுழற்சிகள் சோதித்தார்களா? மேலே என்ன போடப்போகிறார்கள்? 150 டிகிரியில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும் வழக்கமான தார்க்கலவை ரெசினை இளக்கிவிடக்கூடும். நெதர்லாந்தில் எபாக்ஸியில் கல்துகள் தூவிய மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்புறம், பத்து வருடம் கழித்து ஒரு மூலை சிதைந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் உள்ளூரில் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு நம்மிடம் ஓரளவு பதில் இருக்கிறது. படகுப் பட்டறைகளிலும் காற்றாலை இறக்கைத் தொழிற்சாலைகளிலும் ரெசினோடு பழகிய கைகள் தமிழ்நாட்டில் ஏராளம். வெறும் நிலத்தில் இந்தத் தொழில் தொடங்க வேண்டியதில்லை.

இந்தப் பொருளின் மறுக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. இறுகிய ரெசினை மறுபடி உருக்க முடியாது. இரும்பை உலைக்குக் கொண்டுபோகலாம், இழைப் பலகையைப் பொடித்து சிமென்ட் சூளைக்கு அனுப்புவதுதான் பெரும்பாலும் மிஞ்சும் வழி. ஆனால் ஆயுள் முடிந்த பிறகும் இழையின் பலம் தீர்ந்துவிடுவதில்லை. போலந்தின் ஷ்ப்ரோதாவா நகரில் 2021-ல், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 2022-ல், ஓய்வுபெற்ற காற்றாலை இறக்கைகளையே கர்டர்களாக வைத்து நடைபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கார்க் பாலம் பழைய ரயில் தடத்தில் அமைந்த பசுமைப்பாதையில் இருக்கிறது, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கடக்கிறார்கள். தமிழ்நாடு 2024-ல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருக்கும் பழைய இயந்திரங்கள் கழற்றப்படும்போது, அவற்றின் இறக்கைகளை எங்கே கொண்டுபோவது என்று யாரேனும் முடிவெடுத்தாக வேண்டும். வாய்க்காலைத் தாண்ட மரக்கட்டை போட்டு நடக்கிற கிராமங்கள் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை.